500 யூனிட்டைத் தாண்டுகிறதா உங்கள் வீடு?

மொட்டை மாடியில் சோலார் போடலாமா என்று கேட்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்பதைத்தான். தமிழ்நாட்டு வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டில் கடைசி யூனிட்டின் விலைகூட 5 ரூபாயைத் தொடாது. மொத்தம் 500-ஐத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல். 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். பேனல் யார் வீட்டு மாடியிலும் ஒரே மாதிரிதான் உழைக்கும். அது மிச்சம் பிடிக்கும் யூனிட்டின் விலைதான் வீட்டுக்கு வீடு வேறு.

நம் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டுக்குக் குறையாது. செலவு 2 லட்சத்தை ஒட்டி வரும். மத்திய அரசின் சூர்ய கர் திட்ட மானியம் 78,000 ரூபாய் போகக் கையிலிருந்து சுமார் 1.2 லட்சம். இரண்டு ஏ.சி. ஓடி 1,000 யூனிட் ஆகும் வீட்டில் 7,000 ரூபாயை நெருங்கும் பில் ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். போட்ட பணம் நான்கு ஆண்டுக்குள் திரும்பும். அந்த வீட்டுக்காரர் யோசிக்கவே வேண்டாம்.

400 யூனிட் வீட்டுக்குப் பில்லே 1,200 ரூபாய்தான். அது மொத்தமாக மறைந்தாலும் ஆண்டுக்கு 7,000 ரூபாய் மிச்சம், 1.2 லட்சத்தை எடுக்க 17 ஆண்டு ஆகும். ஆசை இருந்தால் 1 கிலோவாட் போதும். காசுக் கணக்கே வேண்டாம், நிலக்கரிப் புகை குறைந்தால் சரி என்பவர்களும் உண்டு. அது அவர்கள் மனசு.

எனக்குப் பெரிய கவலை, பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரைப் பற்றித்தான். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இன்வெர்ட்டர் 10 ஆண்டு தாங்கினாலே பெரிய விஷயம். அது நின்றுபோனால் வீட்டில் எந்த விளக்கும் அணையாது. மின்வாரிய லைனிலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கும். பழைய தொகைக்குப் பில் வரும்போதுதான் விஷயம் தெரியும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதான அப்பா அம்மா மட்டும் உள்ள வீடுகளில் மொபைல் ஆப்பைத் திறந்து தினமும் உற்பத்தியைப் பார்ப்பது யார்? மானியத் திட்டத்தில் பேனலைப் பொருத்திய நிறுவனம் ஐந்து ஆண்டு பராமரித்துத் தர வேண்டும் என்பது விதி. ஆறாம் ஆண்டில் அந்த போன் நம்பரை யார் எடுப்பார்கள்? மானியம் வந்த பிறகு முளைத்த நிறுவனங்களில் எத்தனை அதுவரை நிலைக்கும்? புதிய இன்வெர்ட்டருக்குப் பல ஆயிரம் ஆகும். அந்தச் செலவு எந்தக் கொட்டேஷனிலும் இல்லை.

தளத்தைத் துளைத்து போல்ட் அடிப்பதிலும் இதே அலட்சியம். முதல் மழையிலேயே ஒழுகும் மாடிகள் உண்டு. வர்தா, கஜா புயல்களைப் பார்த்த ஊர்களில் தாங்கு சட்டத்தில் சிக்கனம் பார்ப்பது ஆபத்து.

முன்பணம் கொடுப்பதற்கு முன் கடந்த ஓராண்டின் ஆறு பில்களையும் எடுத்துப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு சர்வீஸுக்கு யார் வருவார், இன்வெர்ட்டர் மாற்ற என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.