ஓடும் மென்பொருள், துரத்தும் கையேடு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பனிச்சறுக்குக்குப் பேர்போன ஸ்னோபேர்டில் 2001 பிப்ரவரியில் பதினேழு பேர் கூடினார்கள். சின்னச் சின்னத் தவணைகளில், குழுவாகச் சேர்ந்து மென்பொருள் தயாரிக்கும் 'அஜைல்' முறையின் பிரகடனம் அங்கேதான் பிறந்தது. விலாவாரியான ஆவணத்தைவிட வேலை செய்யும் மென்பொருளே முக்கியம் என்றது அது. ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று கூடவே சொல்லியிருந்தார்கள். அந்த வரியைப் படித்தவர்கள் குறைவு போலும்.

இந்திய நிறுவனங்களுக்கு இது தலைகீழ் மாற்றம். 1990களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் வகுத்த சிஎம்எம் தரத்தை எட்டுவதற்காகக் கட்டுக்கட்டாக ஆவணம் எழுதியவர்கள் இவர்கள். மோட்டரோலாவின் பெங்களூர் பிரிவு அந்தப் பத்தாண்டின் முதல் பாதியிலேயே உச்சமான ஐந்தாம் படியைத் தொட்டது. இன்று பல அலுவலகங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு 'ஸ்பிரிண்ட்'. நிரல் மாறிக்கொண்டே இருக்கிறது. கையேட்டை 'அப்புறம்' எழுதிக்கொள்ளலாம். அந்த அப்புறம் வருவதற்குள் எழுத வேண்டியவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்.

புதிதாகச் சேர்ந்தவர் கையேட்டை நம்பிக் கட்டளையைத் தட்டுகிறார். வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை. வேறு எதையோ செய்துவிட்டால்தான் ஆபத்து. சோதனைக்கான இடம் என்று பழைய கையேடு சொல்லும் இடத்தில் இன்று வாடிக்கையாளர் கணக்குகள் இருக்கலாம். கையேடே இல்லாதிருந்தால் யாரையாவது கேட்டிருப்பார்.

இதற்கு உருப்படியான மருந்தை ஜாங்கோவில் பார்க்கலாம். இணையதளங்கள் கட்ட உதவும் இந்த மென்பொருள், கான்சாஸ் மாநிலத்தின் 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' என்ற நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி, 2005-ல் பொதுவுக்கு விடப்பட்டது. புதிய வசதிக்கு நிரல் அனுப்புகிறவர் அதன் விளக்கத்தையும் பரிசோதனையையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் 'ஆவணம் தேவை' என்ற குறி விழும், நிரல் காத்திருக்கும். கையேடும் நிரலும் ஒரே களஞ்சியத்தில் இருப்பதால் எந்தப் பதிப்புக்கு எந்த விளக்கம் என்ற குழப்பமும் குறைவு.

பைத்தான் மொழி இன்னும் ஒரு படி மேலே போனது. டிம் பீட்டர்ஸ் எழுதி, 2001 முதல் அந்த மொழியோடு சேர்ந்தே வரும் 'டாக்டெஸ்ட்', விளக்கத்தில் உள்ள உதாரணங்களை இயக்கிப் பார்க்கிறது. 5 என்று எழுதியிருக்க விடை 6 வந்தால், உடனே பிழை என்று காட்டிவிடும்.

ஆனால் ஒரு வசதி ஏன் இப்படி அமைந்தது, மற்ற வழிகள் ஏன் கைவிடப்பட்டன என்பதை எந்தச் சோதனையும் சரிபார்க்காது. அதைக் குழுவில் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். ஸ்பிரிண்ட் கணக்கில் அதற்கென்று அரை நாளாவது ஒதுக்க வேண்டும். வேலை நெருக்கினால் முதலில் வெட்டு விழுவது அந்த அரை நாளில்தான்.