ரஸ்தாளி வாடுது, பூவன் நிக்குது: ஏன்?



குழுக் கடன் வாங்கி விவசாயம் செய்யும் உறுப்பினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. "ரஸ்தாளி எல்லாம் வாடிப் போச்சு, பக்கத்துல பூவன் மட்டும் நல்லா நிக்குதே, ஏன்?" "அந்தக் காட்டுல தக்காளி வெச்சா அதுவும் வாடுமா?" கொண்டப்பநாயக்கன்பட்டியில் தக்காளி போட்டாலும் சரி, காவிரிக் கரையில் மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் வாழை வைத்தாலும் சரி, இதற்கு விடை தெரிந்தால் கடன் பணம் தப்பும்.

இது என்ன நோய்?

பனாமா வாடல். ஃபியூசேரியம் என்ற மண் பூசணத்தால் வருகிறது. வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். முதலில் அடி இலைகள் மஞ்சளாகும். பிறகு காம்பு ஒடிந்து மரத்தைச் சுற்றித் தொங்கும். கிழங்கை வெட்டிப் பார்த்தால் செம்பழுப்பு நிறம் தெரியும். தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பாய்ச்சிப் பயனில்லை.

பெயர் ஒன்று, ஆள் வேறு

ஃபியூசேரியத்தில் பல வகை உண்டு. வாழையை வாட்டுவது தக்காளியை வாட்டாது. தக்காளியை வாட்டுவது வாழையை ஒன்றும் செய்யாது. பருத்திக்கும் கொண்டைக்கடலைக்கும் தனித்தனி ஆள். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். வித்தியாசம் மரபணுவில் இருக்கிறது.

மரபணுக்கள் குரோமோசோம் என்ற கட்டுகளாக இருக்கும். சில கட்டுகள் எல்லா ஃபியூசேரியத்துக்கும் பொது. வீட்டுக்கு அடுப்பு, பானை மாதிரி, அவை இல்லாமல் பிழைக்க முடியாது. தக்காளிப் பூசணத்தில் அதற்கு மேல் நான்கு கட்டுகள் அதிகம் என்று 2010-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். தக்காளியின் பூட்டைத் திறக்கும் சாவி அதில்தான் இருந்தது. நோய் தராத ஒரு ஃபியூசேரியத்தை அதனுடன் சேர்த்து வளர்த்தபோது, சிலவற்றுக்கு அந்தக் கட்டு கைமாறியது. அதுவரை சாதுவாக இருந்த பூசணம் தக்காளியைத் தாக்க ஆரம்பித்தது!

நம் பக்கம் மண்ணில் உள்ள வாழைப் பூசணத்தின் சாவி ரஸ்தாளிக்குப் பொருந்துகிறது. பூவனுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

சாவி மாறும்

ஆனால் "இந்த ரகம் எப்பவும் தாங்கும்" என்று இருந்துவிடக் கூடாது. 1950-களில் மத்திய அமெரிக்காவில் கிரோ மிஷல் என்ற வாழையை இந்த நோய் அழித்தது. தாங்கும் ரகமென்று கேவண்டிஷுக்கு மாறினார்கள். நம்ம மோரிஸ், ஜி-9 எல்லாம் அந்த இனம்தான். பிறகு அதையும் கொல்லும் புதுப் பூசணம் தைவானில் கண்டறியப்பட்டு, பீகார், உத்தரப் பிரதேசம் வரை வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் கேவண்டிஷில் வாடல் வந்ததை 2010-இல் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். கன்றிலிருந்து வளர்வதால் ஒரு ரகத்து மரங்களுக்கெல்லாம் பூட்டு ஒன்றுதான். ஒரு சாவி கிடைத்தால் தோட்டமே போச்சு.

நாம் செய்ய வேண்டியவை

1. வாடிய மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்கணும். குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு போடணும்.

2. அந்தத் தோட்டத்துக் கன்றை யாருக்கும் கொடுக்கவோ, வாங்கவோ வேண்டாம். திசு வளர்ப்புக் கன்று நோயில்லாமல் வரும், ஆனால் நோயுள்ள மண்ணில் வைத்தால் அதுவும் வாடும்.

3. பூசணம் மண்ணில் பல வருடம் தூங்கிக் கிடக்கும். களை வேரிலும் வெளியே தெரியாமல் வாழும். அதனால் களையை விடாதீர்கள். தண்ணீர் வசதி இருந்தால் நெல் போட்டு மாற்றுங்கள்.

4. மண்வெட்டி, கடப்பாரையில் ஒட்டிய மண்ணைக் கழுவிய பிறகே அடுத்த தோட்டத்துக்குப் போங்கள்.

5. அந்த மண்ணில் தக்காளி வைக்கலாம். ஆனால் தக்காளிக்கு அதன் சொந்த வாடல் வரலாம். வாடிய செடியின் தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வையுங்கள். பால் மாதிரி நூலாக இறங்கினால் அது பூசணம் இல்லை, பாக்டீரியா. அது கத்தரி, மிளகாயையும் பிடிக்கும்.

வாழைக்குக் கடன் மனு வந்தால் கூட்டத்திலேயே கேளுங்கள்: அந்தக் காட்டில் முன்பு வாடல் வந்ததா? எந்த ரகம்? கன்று எங்கிருந்து வருகிறது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பிறகு கையெழுத்துப் போடுங்கள். மரம் வாடினாலும் தவணை நிற்காது, சகோதரிகளே.