காருக்கும் உண்டு ஓவர் க்ளாக்கிங்: ட்யூனிங் பாக்ஸ் வாங்கும் முன் தெரிந்து கொள்ளுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் பலருக்கும் ஓர் ஆசை வரும். இதே பிராசசரை இன்னும் வேகமாக ஓட வைக்க முடியாதா? முடியும். அதற்கு ஓவர் க்ளாக்கிங் என்று பெயர். கார் வாங்கியவர்களுக்கும் இதே ஆசை வருகிறது. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை மாற்றி என்ஜின் சக்தியைக் கூட்டும் சாதனங்கள் ட்யூனிங் பாக்ஸ், ரீமேப், சிப் என்ற பெயர்களில் விற்கப்படுகின்றன. இவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே ஆபத்து இருக்கிறது என்று பார்ப்போம்.

காருக்குள் கம்ப்யூட்டரா?

ஆமாம். திருவள்ளூர் தொழிற்சாலையையே எடுத்துக் கொள்ளுங்கள். 1998ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அங்கே மிட்சுபிஷி லேன்சர் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பெட்ரோல் என்ஜினில் கார்புரேட்டர் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை இ.சி.யு. என்ற சிறிய கம்ப்யூட்டர் முடிவு செய்தது. பிற்காலத்தில் அதே திருவள்ளூரில் சிட்ரோயன் கார்கள் தயாராகத் தொடங்கின. 2022ல் சி3 வெளிவந்தது. இன்றைய கார்களில் என்ஜினுக்கு ஒன்று, ஆட்டோமேடிக் கியர் பாக்ஸுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று எனப் பல கம்ப்யூட்டர்கள் உள்ளன. அவை நெட்வொர்க்கில் இணைந்து ஒன்றோடொன்று பேசிக் கொள்கின்றன.

மேப் என்றால் என்ன?

எக்ஸெல் ஒர்க்‌ஷீட் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். வரிசைகளில் என்ஜின் வேகம். நெடுக்கைகளில் என்ஜினின் சுமை. ஒவ்வொரு செல்லிலும் ஓர் எண். அந்த வேகத்தில், அந்தச் சுமையில் எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி, டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதை அந்த எண் சொல்லும். இந்த அட்டவணைதான் மேப். இ.சி.யு. நொடிக்குப் பல முறை இதைப் பார்த்து என்ஜினை இயக்குகிறது. எண்களை மாற்றினால் சக்தி மாறும்.

சந்தையில் கிடைப்பவை

1. பெடல் பாக்ஸ்: ஆக்சிலேட்டர் பெடலில் இருந்து வரும் சிக்னலை மட்டும் மாற்றுகிறது. லேசாக அழுத்தினாலே அதிகம் அழுத்தியதாக இ.சி.யு. நினைக்கும். பிக்கப் கூடியது போலத் தோன்றும். என்ஜினின் உச்ச சக்தி கூடாது.

2. ட்யூனிங் பாக்ஸ்: சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவில் மாட்டப்படுவது. டீசல் காரில் எரிபொருள் அழுத்தம் உண்மையில் உள்ளதை விடக் குறைவு என்று பொய்த் தகவல் தரும். இ.சி.யு. அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். கழற்றி விட்டால் கார் பழையபடி ஓடும்.

3. ரீமேப்: ஓ.பி.டி. சாக்கெட்டில் லேப்டாப்பை இணைத்து மேப் பைலையே மாற்றி எழுதுவது.

டர்போ உள்ள என்ஜின்களில்தான் பின்னிரண்டும் நன்றாகப் பலன் தரும். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் காரில் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

இவை தவிர, "சாக்கெட்டில் சொருகினால் போதும், மைலேஜ் கூடும்" என்று சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் பிளக்குகளும் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்த்த பொறியாளர்கள் உள்ளே கண்டது மினுக்கும் விளக்குகளைத்தான். காரின் நெட்வொர்க்கோடு பேசத் தேவையான சர்க்யூட்டே இல்லை. பணத்தை வீணாக்க வேண்டாம்.

கியர் பாக்ஸை மறக்காதீர்கள்

சி3 ஏர்கிராஸ் காரின் 1.2 லிட்டர் டர்போ என்ஜினுக்கு 110 குதிரை சக்தி. இதன் டார்க், அதாவது சுழற்று விசை, மேனுவல் கியர் பாக்ஸோடு 190 நியூட்டன் மீட்டர். 2024ல் வந்த ஆட்டோமேடிக் வகையில் 205. என்ஜின் அதேதான். ஆக, எந்த கியர் பாக்ஸோடு எவ்வளவு டார்க் என்பதைத் தொழிற்சாலையே திட்டமிட்டு வைத்திருக்கிறது.

ஆட்டோமேடிக் காரில் கியர் மாறும்போது, "இப்போது எவ்வளவு டார்க் வருகிறது?" என்ற தகவல் இ.சி.யு.வில் இருந்து கியர் பாக்ஸ் கம்ப்யூட்டருக்குப் போகும். அதற்கேற்பத்தான் உள்ளே உள்ள கிளட்ச்சுகள் இறுகப் பிடிக்கும். ட்யூனிங் பாக்ஸ் இ.சி.யு.வை ஏமாற்றினால், கியர் பாக்ஸுக்கும் குறைவான கணக்கே போய்ச் சேரும். பிடி போதாமல் கிளட்ச் வழுக்கும், சூடாகும், தேயும். என்ஜினை ட்யூன் செய்தால் கியர் பாக்ஸ் சாப்ட்வேரையும் அதற்கு ஏற்றபடி ட்யூன் செய்ய வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். மேனுவல் காரிலும் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேய வாய்ப்பு உண்டு.

வெயிலும் பெட்ரோலும்

ஓவர் க்ளாக் செய்தால் பிராசசர் சூடாகும் அல்லவா? என்ஜினும் அப்படித்தான். குளிர் நாட்டில், உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதிய மேப் பைலை இங்கே போட்டால், மே மாத வெயிலில் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலை நெரிசலில் என்ஜின் 'நாக்' அடிக்கும். தொடர்ந்தால் பிஸ்டனே சேதமாகும். நம் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்குக் கூடுதல் அளவு எரிபொருள் தெளிக்க வேண்டும். இந்தக் கணக்கும் மேப்பில் இருக்க வேண்டும்.

ரீமேப் செய்வோர் கவனிக்க

* பழைய பைலை முதலில் பேக்கப் எடுக்கச் சொல்லி, ஒரு பிரதியை நீங்களும் பென் டிரைவில் வைத்துக் கொள்ளுங்கள்.
* எழுதும்போது கார் பேட்டரி இறங்கக் கூடாது. பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டு செத்துப் போவது போல, இ.சி.யு.வும் செயலிழக்கலாம். பேட்டரிக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தபடியே எழுத வேண்டும்.
* கிராக் செய்த ட்யூனிங் சாப்ட்வேரை வீட்டுக் கம்ப்யூட்டரில் போடாதீர்கள். "ஆண்டி வைரஸை நிறுத்தி விட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று கேட்டால் அதுவே அபாய அறிவிப்பு.
* ரீமேப்புக்கு முன்னும் பின்னும் டைனோ எந்திரத்தில் சக்தியை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

சட்டமும் வாரண்டியும்

ஆர்.சி. புத்தக விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். புகை வடிகட்டியை நீக்கிவிட்டு அதை மறைக்கும் பைல்களின் பக்கமே போக வேண்டாம். ட்யூன் செய்தது தெரிந்தால் வாரண்டி மறுக்கப்படலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால், விபத்து நடந்த பின் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

முதலில் இதைச் செய்யுங்கள்

ப்ளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் ஒன்றை வாங்கி மொபைலோடு இணைத்து, என்ஜினின் வெப்பநிலையையும் பிழைக் குறியீடுகளையும் படித்துப் பழகுங்கள். எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்தால் ஆபத்து மிகக் குறைவு. ஓட்டாதபோது அடாப்டரைக் கழற்றி விடுங்கள், பேட்டரி மிச்சமாகும். கூடுதல் வேகம்தான் ஆசை என்றால், அதற்கு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் இருக்கிறது. தினமும் குடும்பத்தோடு போகும் காருக்கு, கம்பெனி எழுதிக் கொடுத்த மேப்பே போதும்.