இதய அச்சு இல்லாமல் இதயக் கேக்

நெடுந்தீவில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், 2009இல் கணவரை இழந்தவர். கேக் அடித்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் படிப்பிக்கிறார்.

ஒருநாள், "தங்கச்சி, பிறந்தநாளுக்கு இதய வடிவத்தில கேக் கேட்டிருக்கினம். யாழ்ப்பாணத்தில அந்தத் தட்டு வாங்கிக்கொண்டு வாறியளோ?" என்றார். கடை கடையாக ஏறி இறங்கினேன். "கொழும்பில இருந்துதான் எடுப்பிக்க வேணும்" என்றார்கள். வெறுங்கையுடன் குறிகட்டுவானில் படகேறினேன். அந்த ஓடர் போனால் பிள்ளைகளின் ரியூசன் காசும் போய்விடும்.

அக்கா கலங்கவில்லை. வீட்டிலிருந்த 8 அங்குலச் சதுரத் தட்டிலும் 8 அங்குல வட்டத் தட்டிலும் ஒரே உயரத்துக்குக் கலவையை ஊற்றி வேகவைத்தார். நன்றாக ஆறியபின் வட்டத்தைச் சரிபாதியாக வெட்டினார். சதுரத்தை ஒரு முனை கீழே வரும்படி திருப்பி, மேலிரு பக்கங்களிலும் அரைவட்டங்களை ஒட்டினார். ஐசிங் பூசியதும் இதயம் வந்துவிட்டது!

சதுரத்தின் பக்கமும் வட்டத்தின் விட்டமும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதே இதன் கணக்கு. அரைவட்டங்களின் வளைந்த பக்கங்கள் நடுவில் தொடும்படி வைத்தால் வண்ணத்துப்பூச்சியும் செய்யலாம். இதயத்துக்கு ஒரு சதுரக் கேக்கைப்போல ஏறக்குறைய இருமடங்கு கலவை செல்லும். விலையையும் அதற்கேற்பச் சொல்லுங்கள்.

சகோதரிகளே, அச்சு இல்லையென்று வந்த ஓடரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.