முருங்கையா, பாலக்கா? ஈரம் மறைக்கும் கணக்கு

முருங்கைப் பொடி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு வரி கண்ணில் படும்: ‘பாலக் கீரையைவிட 25 மடங்கு இரும்புச்சத்து’. வாட்ஸ்அப்பில் சுற்றும் மருத்துவக் குறிப்புகளிலும் இந்த 25 மடங்கு உண்டு. உண்மையென்றால் ரத்தசோகைக்கு முருங்கைப் பொடியே போதும். மாத்திரை எதற்கு, ஊசி எதற்கு? கொல்லையில் நிற்கும் மரத்துக்கு இத்தனை பெருமை என்று கேட்க நமக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த 25 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், உணவை ஒப்பிடுவதில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று பிடிபடும்.

குன்னூரில் பிறந்த பட்டியல்

இந்தியாவில் எந்த உணவில் என்ன சத்து என்று கணக்கிடும் வேலை தொடங்கியது நீலகிரியில். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை 1937இல் வெளியிட்டார். 1958இல் நிறுவனம் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. பட்டியலும் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டு வந்தது.

திருத்தம் என்றால் சின்னத் திருத்தமில்லை. பழைய பட்டியலில் 100 கிராம் பாலக்கில் 10.9 மில்லிகிராம் இரும்பு. பின்வந்த பதிப்பில் அது 1.14 ஆகச் சுருங்கியது. முருங்கைக்கீரை 7 மில்லிகிராமிலிருந்து 0.85க்கு இறங்கியது. நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து மாதிரி எடுத்து, 528 உணவுகளைப் புதிதாக அளந்து 2017இல் வெளியிட்டார்கள். இப்போது பாலக்கில் 2.95, முருங்கைக்கீரையில் 4.56 மில்லிகிராம். ஆய்வுக் கருவியும் முறையும் மாறினால் எண் மாறும். மண்ணும் ரகமும் இலையின் முற்றலும் மாறினாலும் மாறும். சரியாகக் கழுவாத இலையில் ஒட்டிய மண்ணே இரும்பின் அளவைக் கூட்டிக்காட்டிவிடும்.

புதிய கணக்குப்படி முருங்கையில் இருப்பது பாலக்கைப்போல் ஒன்றரை மடங்கு. அப்படியானால் 25?

மீனும் கருவாடும்

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் லோவெல் ஃபூக்லி என்பவர் 1990களில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவைப் போக்க முருங்கை இலைப் பொடியைப் பயன்படுத்தினார். 1999இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் முருங்கைக்குப் பெயர் வாங்கித் தந்தது. அப்போது பரவிய அட்டவணைகளில் 100 கிராம் இலைப் பொடியில் 28.2 மில்லிகிராம் இரும்பு என்று இருக்கும். இதைப் பச்சைப் பாலக்கின் பழைய 1.14ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 25 வரும்.

அதாவது, காய்ந்த முருங்கையையும் ஈரமான பாலக்கையும் ஒரே தராசில் வைத்திருக்கிறார்கள். மீனைவிடக் கருவாட்டில் புரதம் அதிகம் என்று சொல்வது போன்றது இது. பொய்யில்லை, ஆனால் அதில் கருவாட்டின் பெருமை ஒன்றுமில்லை, தண்ணீர் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பச்சை இலையிலும் இதே சிக்கல் உண்டு. பாலக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். முருங்கைக்கீரையில் சுமார் 76 பங்குதான். 100 கிராம் பாலக்கை முழுக்க உலர்த்தினால் 10 கிராம் மிஞ்சும். முருங்கை என்றால் 24 கிராம். தண்ணீரை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் ஆட்டம் தலைகீழாகிறது: 100 கிராம் உலர்ந்த பாலக்கில் சுமார் 30 மில்லிகிராம் இரும்பு, உலர்ந்த முருங்கையில் சுமார் 19. இரும்பில் பாலக் முந்திவிட்டது! புரதத்திலும் பச்சையாக இருக்கும்போது முருங்கை மூன்று மடங்கு (6.4 கிராம், 2.1 கிராம்), உலர்த்திவிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட அருகருகே வந்துவிடுகின்றன.

நாம் சாப்பிடுவது உலர்ந்த கீரையை அல்ல, பொரியலையும் கூட்டையும்தான். ஆகவே சமையலறைக்கு ஏற்றது பச்சை இலையின் கணக்கே. பொடி என்றால் கரண்டிக் கணக்கு. ஒரு தேக்கரண்டியில் கொள்வது இரண்டு மூன்று கிராம். அதில் உள்ள இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

சுண்ணாம்புச்சத்து: இருப்பது வேறு, சேர்வது வேறு

கால்சியத்தில் முருங்கைக்கு உண்மையான பலம் உண்டு. 100 கிராம் இலையில் 314 மில்லிகிராம்; பாலக்கில் 82. ஈரத்தை நீக்கிப் பார்த்தாலும் முருங்கைதான் முன்னே நிற்கிறது. ‘பாலைப்போல் நான்கு மடங்கு’ என்ற விளம்பரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். 100 கிராம் பசும்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கால்சியம். பாலை ஒரு டம்ளர், 200 மில்லி குடிக்கிறோம். முருங்கைக்கீரையை ஒருவர் ஒருவேளைக்கு 50 கிராம் சாப்பிட்டாலே அதிகம். அப்போது பாலில் 240, கீரையில் 157.

பாலக்குக்கு வேறொரு தடையும் இருக்கிறது. பாலக்கைச் சற்று அதிகமாகச் சாப்பிட்டால் பல்லின் மேல் சொரசொரவென்று ஒரு படலம் படிந்ததுபோல் இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் ஆக்ஸலேட். அது கால்சியத்தைக் கண்டால் விடாது; இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். கரையாததைக் குடல் உறிஞ்சாது.

அமெரிக்காவில் ராபர்ட் ஹீனியும் கானி வீவரும் 1988இல் இதை அளந்து காட்டினார்கள். அடையாளமிட்ட கால்சியத்தை ஊட்டிப் பாலக் செடியை வளர்த்து, அந்தக் கீரையை ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் கொடுத்து, எவ்வளவு உடலில் சேர்கிறது என்று பார்த்தார்கள். பாலில் உள்ள கால்சியத்தில் 27.6 விழுக்காடு சேர்ந்தது. பாலக்கில் இருந்ததில் 5.1 விழுக்காடுதான். நம் கணக்கில் போட்டால், 100 கிராம் பாலக்கின் 82 மில்லிகிராமில் உடலுக்குக் கிடைப்பது நான்கு மில்லிகிராம். இரண்டு ஆண்டு கழித்து அவர்களே கேல் என்னும் கோஸ் இனக் கீரையைச் சோதித்தபோது 41 விழுக்காடு சேர்ந்தது, பாலைவிட அதிகம். கேலில் ஆக்ஸலேட் மிகக் குறைவு. இரண்டும் பச்சை இலைதான். பலன் எட்டு மடங்கு வேறு. முருங்கையிலும் ஆக்ஸலேட் அறவே இல்லாமல் இல்லை. ஆகவே அதன் 314 மில்லிகிராமும் அப்படியே எலும்புக்குப் போகும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பாலக் முந்தும் இடம்

ஃபோலேட்டில் பாலக்தான் ராஜா. 100 கிராமில் 142 மைக்ரோகிராம், முருங்கையில் 43. புதிய ரத்த அணுக்கள் உருவாகவும், கருவில் உள்ள குழந்தையின் முதுகுத்தண்டு முறையாக மூடிக்கொள்ளவும் தேவையான வைட்டமின் இது. அந்த மூடல் கருத்தரித்த முதல் மாதத்திலேயே நடந்து முடிந்துவிடும். பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போது தெரிந்திருக்காது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் மருத்துவர் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பது இதனால்தான்.

வைட்டமின் சி முருங்கையில் 108 மில்லிகிராம், பாலக்கில் 30. ஆனால் இது ஓரிடத்தில் நிற்காத சத்து. முருங்கைக் கொத்தை இரவு துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலை தானாக உதிர்ந்துவிடும், ஆய்கிற வேலை மிச்சம் என்று வீட்டில் செய்வதுண்டு. இலை வாட வாட வைட்டமின் சி குறைகிறது. அடுப்பில் ஏறியதும் இன்னும் குறைகிறது. அன்று பறித்த கீரையை அன்றே உருவி, கடைசியில் போட்டு, இரண்டு கொதி வந்ததும் இறக்குவதே நல்லது.

பாலக்கை நீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டால் ஆக்ஸலேட் கணிசமாக வெளியேறும். கூடவே ஃபோலேட்டும் போய்விடும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு வடிப்பது லாபம்; மற்றவர்களுக்கு நட்டம். தயிர் சேர்த்துச் சமைப்பது நல்ல நடுவழி: தயிரின் கால்சியம் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்வதால், அது ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தை எட்டுவது குறையும்.

ரத்தசோகைக்கு எது?

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 100 கிராம் முருங்கைக்கீரை அதில் ஆறில் ஒரு பங்கு. பாலக் பத்தில் ஒரு பங்கு. தாவர உணவில் உள்ள இரும்பில் உடல் ஏற்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும் சேர்த்தே அந்த 29 நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஏற்பைக் கூட்ட நம்மால் முடியும். வைட்டமின் சி உடனிருந்தால் தாவர இரும்பு நன்றாகச் சேரும். கீரையை இறக்கி எலுமிச்சை பிழியலாம். தட்டில் ஒரு நெல்லிக்காய்த் துண்டு வைக்கலாம். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். கீரையில் உள்ள கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். முருங்கைக்கீரைப் பொரியலில் நாம் போடும் தேங்காய்த் துருவல் அந்த வேலையைச் செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, அடியோடு நிறுத்தவும் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும். அளவு ஒரே சீராக இருக்கட்டும், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

தீர்ப்பு இதுதான். கால்சியம், புரதம், வைட்டமின் சி ஆகியவற்றுக்கு முருங்கை; ஃபோலேட்டுக்குப் பாலக்; இரும்பில் முருங்கை கொஞ்சம் மேல், ஆனால் 25 மடங்கெல்லாம் இல்லை. நாளுக்கு 100 கிராம் கீரை என்ற பரிந்துரையை, இன்று இது நாளை அது என்று மாற்றி மாற்றி நிறைவேற்றினால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். மரம் இருக்கும் வீட்டுக்காரர்கள் பொடிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், பொடி சாப்பிடுகிறோமே என்று அதை நிறுத்திவிடாதீர்கள். கீரை சோற்றுக்குத் துணை. மாத்திரைக்கு மாற்று அல்ல.