தமிழ் தெரிந்த ஒருவர்

சங்கரன்கோவிலில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை அண்ணாச்சி, முந்தின ராத்திரி டிவியில் ‘விசாரணை’ பார்த்திருக்கிறார். நானும் அதே படத்தை நான்காவது தடவையாகப் பார்த்து முடித்திருந்த வாரம் அது. டம்ளரை நீட்டியபடியே கேட்டார்: “அடிக்கிற அடிக்கு, ஆமான்னு ஒத்துக்கிட்டுப் போயிருக்கலாம்லா தம்பி? பொறவு ஜட்ஜ் முன்னால உண்மையச் சொல்லிரலாம்லா?”

நல்ல கேள்வி. அதைக் கொஞ்சம் பொறுமையாகத்தான் அவிழ்க்க வேண்டும்.

கதை நிஜமாகவே நடந்தது. 1983-இல் பிழைப்புக்காக ஆந்திராவின் குண்டூருக்குப் போயிருந்த மு. சந்திரகுமாரையும் நண்பர்களையும் போலீஸ் பிடித்தது. 13 நாள் லாக்கப், அதன்பின் சிறை. பிற்பாடு கோவையில் ஆட்டோ ஓட்டியவர் அவர்; அந்த நாட்களை ‘லாக்கப்’ என்ற நாவலாக எழுதினார். அதை வெற்றிமாறன் படமாக்கினார். 2015-இல் வெனிஸ் திரைப்பட விழா, 2016 பிப்ரவரியில் நம்மூர்த் திரையரங்குகள், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது.

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதைக் கைவிடவில்லை. அடித்து வாங்கிய வார்த்தைக்கு மதிப்பு இருக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

“செல்லாத வாக்குமூலத்துக்கு எதுக்கு அடிக்கான்?”

இரண்டு காரணம். பிடிபட்டவர் சொல்லி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புடைய பேச்சு மட்டும் சாட்சியமாகச் செல்லும். இன்னொன்று, மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்கும் வாக்குமூலம் செல்லும். அப்படி எழுதிக்கொள்வதற்கு முன், “நீ ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படலாம்” என்று மாஜிஸ்திரேட் எச்சரிக்க வேண்டும். விருப்பமில்லை என்று அவர் சொல்லிவிட்டால், மறுபடி போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. சட்டம் அவ்வளவு கவனமாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் ஸ்டேஷனுக்குள் விழும் ஒவ்வொரு அடியும் நீதிமன்றத்தில் சொல்லப்போகும் அந்த ஒரு ‘ஆமா’வுக்கான ஒத்திகை. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவனை அதற்கு முன்பே உடைத்துவிடுவதுதான் நோக்கம்.

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பு. அப்புறம் எப்படி நாள்கணக்கில் அடைத்துவைக்க முடிகிறது? படத்தின் பெயரிலேயே பதில் இருக்கிறது. நடைமுறையில், கைது என்று எழுதினால்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். “சும்மா விசாரிச்சிட்டு விட்ருவோம்” என்றால் ஏட்டில் எதுவும் ஏறாது. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்டது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குவது அடி விழும் காட்சிகள் இல்லை, குண்டூர் நீதிமன்றக் காட்சிதான். படத்தின் நாயகன் பாண்டி உண்மையைச் சொல்கிறான். ஆனால் தமிழில். நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. வேறு வேலையாக வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் (நடிகர் சமுத்திரக்கனி) அதைப் பெயர்த்துச் சொல்கிறார். பையன்கள் விடுதலை. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது.

இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் உறைத்தது. சாட்சியம் தனக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்பது குற்றம் சாட்டப்பட்டவனின் உரிமை. இங்கே மொழிபெயர்ப்பே ஒரு மனிதர் தற்செயலாக அங்கே நின்றதால் கிடைத்தது. உரிமையாக வர வேண்டியது உதவியாக வந்தால் அது கடன். கடனை அன்றைக்கே கேட்கிறார் முத்துவேல்: நீதிமன்ற வளாகத்துக்கு வந்த ஓர் ஆடிட்டரைத் தூக்க ஒத்தாசை. நன்றிக்காகப் போனவர்கள் சென்னையில் இன்னொரு ஸ்டேஷனுக்குள் போய்ச் சேர்கிறார்கள். நாவலில் இல்லாத, வெற்றிமாறன் சேர்த்த இந்தப் பிற்பாதியைத் தனிப் படம் என்று குறை சொல்வோர் உண்டு. எனக்கு அது முற்பாதியின் வட்டிக் கணக்காகவே படுகிறது.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஒடிசாப் பையனைப் பார்த்தார். அவனுக்குத் தெரிந்த தமிழ், டீ வகைகளும் சில்லறைக் கணக்கும்தான்.

“இவனைப் பிடிச்சிட்டுப் போனா?”

இலவச வக்கீல் கேட்க 15100 என்ற எண் இருக்கிறது. தாலுகா அளவிலும் சட்டப் பணிகள் குழு உண்டு, என்றேன். உறவினருக்குத் தகவல் சொல்லச் சட்டமும் இருக்கிறது.

“யாருக்குச் சொல்ல? இவன் அய்யா பேரு கூட எனக்குத் தெரியாதே.”

கல்லாவிலிருந்து கடன் நோட்டை எடுத்தார். பையனைக் கூப்பிட்டு, சைகையும் அரைகுறை இந்தியுமாக ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், வீட்டு நம்பர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.