லியோனுக்கு யார் எழுதுவது?

"இன்டர்போல் ஆளுங்க நேரா வந்து தூக்கிட்டுப் போக வேண்டியதுதானே அண்ணே?" மதுரை மாட்டுத்தாவணி டீக்கடையில் அங்கொட லொக்கா பேச்சு வந்தபோது பக்கத்தில் இருந்த தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பொறுமையாகப் பேச வேண்டிய விஷயம்.

லொக்கா, இலங்கைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த நிழலுலக ஆள். 2020 ஜூலையில் கோவையில் இறந்தார். ஆதாரில் இருந்த பெயர் பிரதீப் சிங். உடலை எரித்தது நம்ம தத்தனேரியில். விஷயம் வெளியே வந்தபின் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. செத்தது அவர்தானா என்று பார்க்க இலங்கையில் இருக்கும் உறவினரின் டிஎன்ஏ வேண்டியிருந்தது. நம்ம அதிகாரி ராமேஸ்வரத்தில் படகேறிப் போய் ரத்தம் எடுத்துவர முடியாது. தகவல் மட்டும் போதுமென்றால் டெல்லி சிபிஐயிடம் கேட்க வேண்டும். இந்தியாவுக்கு இன்டர்போல் வாசல் அதுதான். கோர்ட்டில் நிற்கும் சாட்சியம் வேண்டுமென்றால் இரு நாடும் 2010இல் போட்ட சட்ட உதவி ஒப்பந்தம் இருக்கிறது. இழுக்கும்தான்.

இன்டர்போல் 196 நாட்டுப் போலீஸுக்கு நடுவே ஓடும் தபால். தலைமையகம் பிரான்சின் லியோனில். கைது செய்யும் அதிகாரமே அதற்குக் கிடையாது. ரெட் நோட்டீஸ் பிடிவாரண்ட் அல்ல, வேண்டுகோள். அதற்காக ஆளைப் பிடிக்கலாமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் சொல்லும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய், 2004 முதல் ஒரு நாட்டு வாரண்டை அடுத்த நாட்டு நீதிபதியே ஏற்று ஆளை அனுப்பும் முறையை வைத்திருக்கிறது. அங்கேயும் ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலின் ஆள் யார் கையிலும் விலங்கு மாட்ட முடியாது.

காகிதம் வேகமாகப் போகட்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. பிடிக்கிற கை மட்டும் உள்ளூர்க் கோர்ட்டுக்குப் பதில் சொல்கிற கையாகவே இருக்க வேண்டும். இதே மேலூர் ரோட்டில் கொஞ்சம் போனால் ஐகோர்ட் கிளை. மகனைப் போலீஸ் எங்கே வைத்திருக்கிறது என்று தெரியாத தாய் அங்கே ஆட்கொணர்வு மனு போடலாம். ரெட் நோட்டீஸே தப்பு என்றால்? இன்டர்போலின் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு எழுத வேண்டும். வைர வியாபாரி மெகுல் சோக்சி அப்படித்தான் 2022இல் தன் மேலிருந்த நோட்டீஸை நீக்க வைத்தார். அவருக்கு வக்கீல்கள் இருந்தார்கள். மண்டபம் அகதி முகாமில் இருக்கும் ஒருவர் பெயர் தவறாக ஏறிவிட்டால், அவருக்காக லியோனுக்கு எழுத யார் இருக்கிறார்கள், தம்பி?